உடற்பருமனும் மகளிர் நடையும்

சில மாதங்களுக்கு முன் நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கிராம சபை கூடியது. வேப்ப மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, மேசை நாற்காலி இட்டு, ஏற்பாடுகள் யாவும் முறையாகவே செய்யப்பட்டிருந்தன. ஆண்கள் அமர்ந்தனர், இளம் பெண்களும் அமர்ந்தனர். ஆனால் நடுத்தர வயதுப் பெண்கள் பதினைந்து இருபது பேர் பள்ளிக்கூடச் சுவரைப் பற்றியபடியே நின்றுகொண்டிருந்தனர். கூச்சத்தினால் நிற்கிறார்கள் என்றெண்ணி, முன்னே வந்து அமருமாறு நாம் கேட்டுக்கொண்டோம். அவர்களுள் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் ஐயா, அதனால்தான் நிற்கிறோம்" என்றார். உடனிருந்தோரும் சிரித்தனர். அரைமணி கழித்து நோக்கியபோது அவர்களில் பாதிப்பேர் வீடு திரும்பிவிட்டிருந்தனர். அன்றைய பொருள்நிரலில் குடிநீர்க் குழாய் பற்றிய தீர்மானம் இருந்தது. குடிநீரை நாள்தோறும் பிடித்து, சுமந்து, செலவிடும் அப்பெண்கள் இல்லாமலேயே அத்தீர்மானம் நிறைவேறியது.

சிரித்துச் சொன்ன சொல்லேயாயினும், அது சிரித்து ஒதுக்கத்தக்க செய்தியன்று. அங்கு நின்றவர்களுள் அறுபது வயதைத் தாண்டியவர் மிகச் சிலரே. ஏனையோர் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். ஒரு காலத்தில் நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டவர்கள். அவர்களை நிற்கவைத்தது முதுமை மட்டுமன்று. உடலின் எடையும், அவ்வெடையைத் தாங்கித் தாங்கி நொந்துபோன முழங்காலுமே ஆகும். இதன் காரணத்தையும், இதற்கு வீட்டிலும் ஊரிலும் செய்யத்தக்கவற்றையும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைமை என்ன?

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற காலத்தில், கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றால் பசி, மெலிவு, பிரசவ ஆபத்து ஆகியவையே நினைவுக்கு வரும். இன்று அவற்றோடு வேறொன்றும் வந்து சேர்ந்துள்ளது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 30.9 பேர். 2019-21-ல் இது 40.4 ஆக உயர்ந்துவிட்டது. அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்குமான அளவு நூற்றுக்கு 24 பேரே. இன்னொரு வியப்பும் உண்டு. அதே 2019-21 கணக்கெடுப்பில் நம் மாநிலப் பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. பருமனாய் இருப்பவர் எல்லோரும் நல்ல ஊட்டம் பெற்றவர் அல்லர் என்பது இதனால் விளங்கும். வயிறு நிறைகிறது, சத்து நிறையவில்லை.

ஒருவர் மிகை எடை உடையவரா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தல் கூடாது. கணக்கிட்டே அறிய வேண்டும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் எடைக் குறியீடு கிடைக்கும். மேற்சொன்ன கணக்கெடுப்பு 25-ஐ எல்லையாகக் கொண்டது. ஆயினும் இந்தியரின் உடலமைப்பில் குறைந்த எடையிலேயே தீங்கு தொடங்கிவிடுவதால், 23-க்கு மேல் மிகை எடை என்றும் 25-க்கு மேல் பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் கொள்வர். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 52 கிலோவைத் தாண்டினால் மிகை எடை. 56 கிலோவைத் தாண்டினால் பருமன். இடுப்பைச் சுற்றி அளந்தால் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நன்று.

வாழ்க்கை மாறியது எவ்வாறு?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் அமைந்தது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து புறநகர் ரயில் இங்கு வருகிறது. கல்கத்தா நெடுஞ்சாலை இதன் வழியே ஆந்திர எல்லைக்குச் செல்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை இங்கே நிறுவப்பட்டது. பின்னர்த் தேர்வாய்க் கண்டிகையிலும் அத்தகைய பேட்டை எழுந்தது. நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த ஊர்களிலிருந்து இன்று பெண்கள் ஆலைப் பேருந்தில் ஏறி வேலைக்குச் செல்கின்றனர். இதனால் குடும்பங்களில் மாதச் சம்பளம் புகுந்தது. பெண் மக்கள் படிக்கின்றனர். இது நன்மையே.

ஆனால் உழைப்பின் தன்மை மாறிவிட்டது. வயல் வேலையில் பெண் குனிந்தாள், நிமிர்ந்தாள், வரப்பில் நடந்தாள், தலையில் சுமந்தாள். உடலின் மூட்டுகள் யாவும் இயங்கின. ஆலையிலோ எட்டு மணி நேரமும் ஓரிடத்தில் நின்று, அல்லது ஓரிடத்தில் அமர்ந்து, கையை மட்டும் இயக்க வேண்டியிருக்கிறது. வாசலிலேயே பேருந்து ஏற்றிக்கொள்கிறது, வாசலிலேயே இறக்கிவிடுகிறது. இரவு முறை வேலையில் தூக்கம் கெடுகிறது. வேளை தவறி உண்ண நேர்கிறது. பசி வந்தபோது கைக்கெட்டுவது சர்க்கரை மிகுந்த தேநீரும் வடை, பஜ்ஜி, பிஸ்கட்டுமே. வேலைக்குப் போகாத பெண்ணுக்கும் ஆட்டுக்கல்லும் உரலும் இல்லை. நடவையும் அறுவடையையும் பல ஊர்களில் இயந்திரமே செய்கிறது. ஆட்டுக்கல்லுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணின் முதுகை முறித்த வேலை ஒழிந்தது நல்லதே. ஆனால் அவ்வேலை ஒழிந்தபோது, அதனோடு கூடவே உடலின் அசைவும் ஒழிந்தது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதனைச் சோம்பல் என்று பழிப்பது அறியாமை. இது வாழ்க்கை முறை மாறியதன் விளைவு.

நடை என்பது யாது?

நடப்பது எளிய செயலென்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஓயாமல் விழப்போவதும், விழாமல் தாங்கிக்கொள்வதுமான வேலையாகும். ஒரு கால் தரையை ஊன்றி நிற்க, மற்றொரு கால் முன்னோக்கி வீசப்படுகிறது. ஒரு காலின் முழுச் சுற்றில் நூற்றில் 60 பங்கு நேரம் அது தரையில் ஊன்றியிருக்கிறது. 40 பங்கு நேரம் காற்றில் செல்கிறது. இரண்டு கால்களும் ஒருங்கே தரையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 20 பங்கு. குதிகால் தரையைத் தொடும்போது முழங்கால் சற்றே மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தொடையின் முன்புறத் தசை அதனைத் தாங்கிப் பிடிக்கும். கால் வீசப்படும்போது முழங்கால் சுமார் 60 பாகை மடங்குகிறது. தரையில் குந்தி அமர வேண்டுமாயின் அது 110 பாகைக்கு மேலும் மடங்க வேண்டும்.

சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டின் மீது விழும் சுமை, உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை ஆகிறது. காரணம், எடை மட்டுமன்றி, அவ்வெடை சாயாதபடி இழுத்துப் பிடிக்கும் தசைகளும் மூட்டை அழுத்துகின்றன. படி ஏறும்போதும் இறங்கும்போதும் சுமை மூன்று மடங்கைத் தாண்டுகிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு தராசில் 20 கிலோ; படியிறங்கும் முழங்காலில் 60 கிலோவுக்கு மேல்.

எடை மிகுந்தால் நடை மாறுவது

பருமனான பெண்ணின் நடையைக் கூர்ந்து நோக்கினால் சில மாறுதல்களைக் காணலாம். நடையின் வேகம் குறைகிறது. ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் இடையேயுள்ள நீளம் குறைகிறது. இரண்டு பாதங்களுக்கும் இடையேயுள்ள அகலம் கூடுகிறது. தொடைகள் ஒன்றோடொன்று உராயாமலும், உடல் பக்கவாட்டில் சாயாமலும் இருக்கக் கால்களை அகற்றி வைக்க நேர்கிறது. பாதங்களின் நுனி வெளிப்புறம் திரும்புகிறது. இரண்டு கால்களும் ஒருங்கே தரையில் இருக்கும் நேரம் நீள்கிறது; ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தை உடல் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. உடல் இடப்புறமும் வலப்புறமும் ஆடி ஆடிச் செல்கிறது. முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்குவதும் குறைந்து, பலர் காலை விறைப்பாக ஊன்றுகின்றனர்.

இவை சோம்பலின் அடையாளமல்ல. மிகுந்த பளுவைத் தாங்கும் உடல் தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் உபாயங்களே இவை. மெதுவாக நடந்தால் முழங்காலின் மீது விழும் விசை சற்றுக் குறைகிறது. ஆனால் இவ்வுபாயங்களுக்கு விலையும் உண்டு. விறைத்த காலில் அதிர்ச்சி நேரே மூட்டுக்குச் செல்கிறது. அகன்ற நடையில் சுமை முழங்காலின் நடுவில் சமமாகப் பரவாமல் உட்புறத்தில் மிகுதியாக விழுகிறது. அச்சு நேராக இல்லாத வண்டியில் டயர் ஒரு பக்கமாகவே தேய்வதை விவசாயிகள் அறிவர். சுமை ஏற ஏறத் தேய்வும் விரைவாகும். முழங்காலும் அவ்வாறே உட்புறம் தேய்கிறது. சிலருக்கு நாளடைவில் கால்கள் வில்போல் வளைகின்றன.

முழங்கால் மட்டுமன்று. பாதத்தின் உட்புற வளைவு பளுவால் தாழ்ந்து பாதம் தட்டையாகிறது. குதிகாலில் வலி தோன்றுகிறது. தொடையின் சதையும் கெண்டைச் சதையும் முட்டிக்கொள்வதால் முழங்கால் முழுதும் மடங்க இயலாமற் போகிறது. வயிற்றின் பருமன் இடுப்பு மூட்டு முன்னோக்கி மடங்குவதைத் தடுக்கிறது. ஆகவே தரையில் அமர்தல், குந்துதல், பேருந்தின் உயர்ந்த படியில் கால் வைத்தல் ஆகியவை கடினமாகின்றன. கிராம சபையில் அப்பெண்கள் ஏன் நின்றார்கள் என்பது இப்போது விளங்கும்.

மூட்டினுள் நிகழ்வது

எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு நேரே இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது, கடற்பஞ்சு பிழிந்து விடப்படுவதுபோல், மூட்டு நீர் அதனுள் சென்று வருவதாலேயே அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. ஆகவே அளவான அசைவு மூட்டுக்கு உணவு; மிகையான பளு மூட்டுக்குக் கேடு. அசைவே இன்றிப் பளு மட்டும் இருப்பது இரட்டைக் கேடு.

மேலும், கொழுப்பு என்பது வெறும் பளு அன்று. உடற்கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனுடையோருக்குத் தேய்மானம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

பெண்களுக்கு இத்தொல்லை ஆண்களைவிட மிகுதி. ஐம்பது வயதுக்குப் பின் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தொடைத் தசையின் வலு பெண்களுக்கு இயல்பாகவே குறைவு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் தசையும் எலும்பும் தளர்கின்றன; கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. பேறுகாலத்தில் கூடிய எடை பலருக்கு இறங்குவதே இல்லை. இத்தனைக்கும் நடுவில் வீட்டு வேலையும் வெளி வேலையும் அவள் மீதே விழுகின்றன.

சுழலும் கேடு

இனி இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருவோம். எடை கூடுகிறது, முழங்கால் வலிக்கிறது. வலிப்பதால் நடப்பது குறைகிறது. நடப்பது குறைவதால் தொடைத் தசை மெலிகிறது. எடை மேலும் கூடுகிறது. தசை மெலிந்து எடை கூடியதால் வலி இன்னும் மிகுகிறது. இது செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வரும் கேடு. வீட்டார் அன்பினால், "உனக்குக் கால் வலி, நீ உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பர். அவ்வன்பு மதிக்கத்தக்கதே. ஆனால் எந்நேரமும் உட்காரவைப்பது முழங்காலைக் காப்பதாகாது. சுழலை விரைவாக்குவதே ஆகும். முதலில் அவள் குளக்கரைக்குப் போவதை நிறுத்துகிறாள், பின்பு கடைத்தெருவை, பின்பு கோயிலையும் கிராம சபையையும். பேருந்துப் படி ஏற முடியாததால் ஆலை வேலையையும் விட்டவர்களை நாம் அறிவோம். முழங்கால் நோயால் உயிர் போவதில்லை. ஆனால் பெண்ணின் உலகம் அவளது வீட்டு வாசலளவாகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு கிலோவின் கணக்கு

இச்சுழலை உடைக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டீபன் மெசியர் என்பாரும் அவருடைய குழுவினரும், மிகை எடையும் முழங்கால் தேய்மானமும் உடைய முதியோரின் நடையை அளந்து 2005-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு காலடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்பதே அது.

இதனை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் நடக்க ஒரு பெண் ஏறத்தாழ 1,600 காலடி எடுத்து வைக்கிறாள். ஒரு முழங்காலுக்கு 800. காலடிக்கு நான்கு கிலோ வீதம் 3,200 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் இது 80 சிப்பம் நெல். ஒரே ஒரு கிலோ எடை குறைந்தால், ஒரு கிலோமீட்டர் நடையில் ஒரு முழங்கால் 80 சிப்பம் நெல்லின் பளுவைத் தவிர்க்கிறது.

அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. அதில் பங்குபெற்ற பெண்களுள், பத்தாண்டுக் காலத்தில் சுமார் 5 கிலோ எடை குறைந்தவர்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் உண்டாகும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது என 1992-ல் வெளியான கட்டுரை தெரிவித்தது. 5 கிலோ என்பது எட்டாத இலக்கன்று. 70 கிலோ உள்ள பெண் 50 கிலோவாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. 65 கிலோவாக ஆனாலே முழங்கால் வேறுபாட்டை உணரும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, உணவு. பட்டினி கிடப்பது வழியன்று. அதனால் தசையும் கரையும். தட்டில் பாதி காய்கறியும் கீரையுமாக இருக்கட்டும். சோறு கால் பங்கு. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவை கால் பங்கு. பழவேற்காட்டு மீன் நம் வட்டாரத்துச் சந்தைகளில் கிடைக்கிறது. அதனை வறுக்காமல் குழம்பாக்கி உண்க. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி உள்ளது. தேநீருக்கு இரண்டு கரண்டி வீதம் நாளைக்கு ஐந்து முறை அருந்தினால் 200 கலோரி. ஏறக்குறைய ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஒப்பு. இரத்தசோகை உள்ளவர்கள் எடையைக் குறைக்கும்போதே கீரை, பயறு, முட்டை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தொடைத் தசைக்கு வலுவூட்டல். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை முன்னே நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. காலுக்குப் பத்து முறை, நாளைக்கு இருவேளை. பின்னர், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை ஐந்து முறையில் தொடங்கிப் பத்தாக உயர்த்தலாம். முதலில் உயரமான நாற்காலியே நல்லது. மூச்சை அடக்கலாகாது.

மூன்றாவது, நடை. வாரத்தில் 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதனை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். மெத்தென்ற அடியுடைய செருப்பு அவசியம். தேய்ந்த ரப்பர்ச் செருப்பு ஆகாது. நடந்த பின் சிறிது வலி இருந்து, மறுநாளுக்குள் தணிந்தால் அஞ்ச வேண்டாம்; தணியாவிடில் மறுநாள் நடையின் அளவைக் குறைத்துக்கொள்க.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். மூட்டு சிவந்து சுடுதல், காய்ச்சல், திடீர் வீக்கம், கெண்டைச் சதையில் மட்டும் கடும் வலி ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவரைக் காண வேண்டும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக் கணக்கில் உண்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எடை காரணமின்றிக் கூடினால் தைராய்டு பரிசோதனையும், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையும் தேவை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

நடக்கச் சொல்வது எளிது; நடக்க இடம் வேண்டாமா? இங்கேதான் பஞ்சாயத்தின் கடமை தொடங்குகிறது. முதலில் நமது பிழையையே ஒப்புக்கொள்ளுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் மகளிர் சுகாதார வளாகம் ஒன்றுக்கு நாமே வரைபடம் பார்த்து ஒப்புதல் தந்தோம். தண்ணீர், விளக்கு, கதவு எல்லாம் சரியாக இருந்தன. ஆயினும் வயது முதிர்ந்த பெண்கள் அதனைப் பயன்படுத்தவில்லை. விசாரித்தபோது, உள்ளே குந்தி அமரும் பீடங்களே இருந்தன என்பதும், பற்றி எழக் கைப்பிடி ஏதும் இல்லை என்பதும் தெரிந்தன. மூன்று படிகளுக்கும் கைப்பிடி இல்லை. ஒரு நாற்காலிப் பீடத்தையும் இரண்டு இரும்புக் குழாய்களையும் வரைபடத்திலேயே சேர்த்திருந்தால் அப்பெண்கள் இருட்டில் முள்ளுக் காட்டைத் தேடிச் சென்றிருக்கமாட்டார்கள். அவற்றைப் பின்னர்ப் பொருத்தினோம். ஆனால் முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

இவ்வனுபவத்தினின்று பஞ்சாயத்துகளுக்கு நாம் பரிந்துரைப்பவை வருமாறு:

கிராம சபைக்கும் மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் ஜமக்காளத்தோடு இருபது நாற்காலிகளாவது இடப்படல் வேண்டும். பொதுக் கழிப்பிடம் ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலிப் பீடமும் கைப்பிடியும் அமைத்தல் வேண்டும்.

ஏரிக்கரை நல்ல நடைபாதையாகும். சீமைக் கருவேலத்தை அகற்றி, குழிகளை மண்ணிட்டு நிரவி, வாய்க்காலின் மீது பலகைக்கல் பதித்து, தெருவிளக்கை அதுவரை நீட்டினால் போதும். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் வகுக்கப்பட்டன. ஆனால் சிற்றூர்ப் பெண்ணுக்குத் தேவை எட்டுக் கிலோமீட்டர் அன்று. அச்சமின்றி நடக்கத்தக்க எண்ணூறு மீட்டரே. தனியே நடக்கக் கூசும் பெண், சுய உதவிக் குழுவாகச் சேர்ந்தால் நடப்பாள். வாரத் தவணை கட்டும் நாளை எடை பார்க்கும் நாளாகவும் கொள்ளலாம். குழுவுக்கு ஓர் எடைப் பொறியும் ஓர் அளவு நாடாவும் இருந்தால் போதும். எடையைப் பிறர் முன் உரக்கப் படித்து எவரையும் நாணச் செய்தலாகாது.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. நடக்க இயலாதவர்களின் பட்டியலைப் பஞ்சாயத்து தயாரித்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்தால், அவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்க வழி பிறக்கும். மேற்சிகிச்சைக்குக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளும், 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

ஆலை நிர்வாகங்களோடும் பேச வேண்டும். நின்று வேலை செய்யும் தொழிலாளர் வாய்த்த நேரத்தில் அமர இருக்கை அளிக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே விதித்தது. கடைகளில் பணிபுரிவோருக்கும் அவ்வுரிமை கிடைக்க 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. இருக்கை, நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பு, இரண்டு மணிக்கொரு முறை ஐந்து நிமிட நடை, பேருந்து வாயிலில் தாழ்ந்த ஒரு படி ஆகியவற்றைப் பஞ்சாயத்து மரியாதையுடன் எழுதிக் கேட்கலாம். பயிற்சி பெற்ற தொழிலாளி முழங்கால் வலியால் விலகினால் ஆலைக்கும் நட்டமே.

முடிவுரை

முதலில் சொன்ன சிற்றூரில் அடுத்த கிராம சபைக்கு நாற்காலிகள் இடப்பட்டன. சென்ற முறை சுவரைப் பற்றி நின்ற பெண்கள் இம்முறை அமர்ந்தனர். கூட்டம் முடியும்வரை எவரும் எழுந்து போகவில்லை. குடிநீர்க் குழாய் எந்த மூலையில் வேண்டும் என்பதைப் பற்றி அவர்கள் கூறியதைக் கேட்டு, முந்திய தீர்மானம் திருத்தப்பட்டது. "உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும்" என்ற அம்மையார், இப்போது தம் குழுவினர் நால்வரோடு மாலையில் ஏரிக்கரையில் நடக்கிறார். அவருடைய எடை இதுவரை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. இது சிறிதென்று எண்ண வேண்டாம். காலடிக்கு எட்டுக் கிலோ வீதம் அவருடைய முழங்கால் அக்கணக்கை அறியும்.

நாற்காலி இடுவதனால் மட்டும் நோய் தீராது. ஆனால் அவர் வீட்டைவிட்டு வெளியே வர வழி பிறக்கிறது. வெளியே வந்தவர் நடப்பார். நடப்பவர் எடை குறைவார். எடை குறைந்தவர் மேலும் நடப்பார். அதே சுழல் எதிர்த் திசையிலும் சுழலக்கூடியதே. அதனைத் திருப்பிவிடும் முதல் தள்ளு பஞ்சாயத்துகளின் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு முன்பாகவே உறுப்பினர்கள் தத்தம் ஊரில் ஆவன செய்வார்களென நம்புகிறோம்.